எந்தக் கிளை நூலகத்த முதல்ல கட்டுறது? கமிட்டில இருந்த என் அனுபவம்

கிளை நூலகங்களுக்கு கட்டிடம் கட்டுறதுல எது முன்ன எது பின்னன்னு முடிவு பண்ற கமிட்டில வாசகர் சார்பா ரெண்டு வருஷம் இருந்தேங்க.

பணம் இருந்தது ஒரு கட்டிடத்துக்குதான், கேட்டது ஆறு கிளை. முதல் மீட்டிங்ல எந்தக் கிளைக்கு எத்தன பேர் வர்றாங்க, எவ்ளோ புக் வெளிய போகுதுன்னு ஒரு லிஸ்ட் குடுத்தாங்க. கூட்டம் உள்ள எடத்துக்கு முதல்ல, சரிதானேன்னு நானும் தலையாட்டிட்டேன். அப்புறம் கடைசில இருந்த கிளைய நேர்ல போய் பாத்தேன். மாடில ஒரே ரூம், 22 படி, கைப்பிடி ஆடுது, ஒழுகுதுன்னு சிறுவர் புக் அலமாரிய பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி வச்சிருக்காங்க. கீழ ஒரு பாட்டி பேரன மேல அனுப்பிட்டு "அத ஜன்னல்ல காட்டுடா, அது இல்ல, பெரிய எழுத்தா பாரு"ன்னு கத்திட்டு நின்னாங்க. அவங்க உள்ள வரல, அதனால எந்த கணக்குலயும் இல்ல. கட்டிடம் மோசம்னு ஆள் வரல, ஆள் வரலன்னு கட்டிடம் கிடைக்கல, எனக்கு அன்னைக்குதான் உறைச்சுது.

அடுத்த மீட்டிங்ல சண்ட போட்டு சுத்தி எவ்ளோ பேர் குடியிருக்காங்க, கட்டிடம் எந்த நிலைமைல இருக்குன்னும் மார்க்குல சேக்க வச்சோம். கடைசி கிளை ரெண்டாவதுக்கு வந்துச்சு. முதல் இடம் பீம்ல விரிசல் விட்ட வேற ஒரு கிளைக்கு போச்சு, அது நியாயம்தான். நூலகம் வளர்ற உயிர்னு நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931லயே எழுதிட்டாரு, ஆனா வாடகை மாடில அலமாரி அலமாரியா சேத்துட்டே போனா தளம் தாங்கணுமே. சாதாரண ஆபீஸ் தளம் சதுர மீட்டருக்கு சுமார் 250 கிலோவுக்குதான் போடுவாங்க, புக் அடுக்குக்கு 600 கிலோவாவது வேணும்.

ரெண்டாவதா வந்த அந்த மாடி கிளைக்கு புதுசா கட்ற வரைக்கும் கீழ்தளத்துல ஒரு எடம் வாடகைக்கு புடிச்சு குடுத்தாங்க, வாசல்ல சாய்தளம் போட்டாச்சு, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். ஆனா புதுக் கட்டிடம் வந்தா வருஷா வருஷம் ஆளுக்கு சம்பளம், கரண்ட் பில் எங்கேருந்து வரும்னு இன்னும் யாரும் பதில் சொல்லல, அதுக்கு நான் விடாம லெட்டர் போட்டுட்டு இருக்கேன்.

இன்னொன்னு, நடக்குற தூரம்னு மேப்ல வட்டம் போட்டாங்க, நடுவுல ரயில் பாதை, சுத்திதான் போகணும், அத யாரும் கவனிக்கல. நானும் ஒரு பையனும் நடந்து பாத்து, ஆன நேரத்த எழுதி குடுத்தோம். உங்க பக்கம் இத எப்படி அளந்தீங்கன்னு சொல்லுங்க, அடுத்த லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி எனக்கு வேணும்.