மாடல் சொல்வது 27%, கல் சொல்வது 4%: மாறிலியை மாற்றலாமா?

கல்லுளி:
பத்து நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். நார்வே கடலின் ஹால்டன்பாங்கன் பகுதியில், டில்ஜே என்ற மணற்கல் அடுக்குக்குக் குவார்ட்ஸ் சிமென்ட் (மணல்மணிகளின் மேல் வளர்ந்து துளைகளை அடைக்கும் புது குவார்ட்ஸ்) எவ்வளவு என்று கணக்குப் போடுகிறேன். வால்டர்ஹாக் என்ற புவியியலாளர் 1996-இல் தந்த முறைதான். படியும் வேகம்: 1.98 × 10⁻²², பெருக்கல் 10-இன் அடுக்கு (0.022 × செல்சியஸ்), அலகு, சதுர செ.மீ.க்கு நொடிக்கு மோல்.

ஆழம் 4,300 மீட்டர், இப்போது 150 டிகிரி. மணல்மணி அளவு 0.3 மி.மீ., பாறையில் குவார்ட்ஸ் 65%, சிமென்ட் தொடங்கும் முன் துளைவெளி 28%. பாறைக்கு வயது சுமார் 19 கோடி ஆண்டு. அவ்வளவு காலமும் சூடு சீராக ஏறியது என்று, கடல் தரையின் 5 டிகிரியிலிருந்து 150 வரை நேர்கோடு போட்டேன். விடை 27% சிமென்ட், அதாவது கருங்கல் மாதிரி. நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தால் 4%தான்! அலகுகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். அந்த 1.98 × 10⁻²² என்ற மாறிலியை 22-இல் ஒரு பங்காக்கினால் கச்சிதமாகப் பொருந்துகிறது. செய்யலாமா?

ஆழ்துளை:
வேண்டாம் தம்பி. அதில் கை வைத்தால் அடுத்த கிணற்றில் இன்னொரு எண் தேவைப்படும்.

தப்பு உங்கள் நேர்கோட்டில் இருக்கிறது. ஹால்டன்பாங்கனில் நாஸ்ட் அடுக்கு என்று ஒன்று உண்டு. பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். கடைசி 28 லட்சம் ஆண்டுகளில் குவிந்தது. டில்ஜே இந்தச் சூட்டுக்குப் போனதே நேற்றுத்தான். உங்கள் கோடு அதைப் பல கோடி ஆண்டுகள் அடுப்பில் வைத்திருக்கிறது. 10 டிகிரி ஏறினால் வேகம் 1.66 மடங்கு, 40 டிகிரிக்கு 7.6 மடங்கு. எந்தச் சூட்டில் எவ்வளவு காலம் என்பதுதான் எல்லாமே.

கல்லுளி:
அண்ணா, கிணற்றுப் பதிவில் நாஸ்ட் 1,300 மீட்டர் இருக்கிறது! அதற்கு முன் 105 டிகிரி என்று வைத்து மறுபடி ஓட்டினேன். 13%க்கு இறங்கிவிட்டது. ஆனாலும் மூன்று மடங்கு அதிகம். எண்ணெய் முன்பே புகுந்து சிமென்டைத் தடுத்தது என்று எழுதிவிடலாமா?

மணல்மேடு:
எண்ணெயை இழுக்காதீர்கள். அது தடுக்கிறதா இல்லையா என்று பல வருடமாகச் சண்டை நடக்கிறது. மணியைச் சுற்றி நீர்ப்படலம் மிஞ்சினால் குவார்ட்ஸ் வளரத் தேவையான சிலிக்கா அதன் வழியே வரும் என்று ஒரு கட்சி, அந்த வழி மிகக் குறுகல் என்று இன்னொரு கட்சி. எண் பொருந்தவில்லை என்பதற்காக ஒரு கட்சியில் சேர வேண்டாம்.

டில்ஜே என்றதுமே எனக்குக் குளோரைட் என்ற களிமண் கனிமம்தான் நினைவுக்கு வரும். மணிகளின் மேல் சில மைக்ரான் தடிமனில் பச்சைப் பூச்சு. அதன் மேல் குவார்ட்ஸ் வளர முடியாது. பூச்சு விட்டுப்போன இடத்தில் மட்டும்தான் வளரும். உங்கள் பரப்பளவுக் கணக்கில் பூச்சு எவ்வளவு போட்டீர்கள்?

கல்லுளி:
பூஜ்யம். அந்தக் கட்டத்தை நிரப்பவே இல்லை, வெட்கமாக இருக்கிறது. தின் செக்‌ஷனில் (நுண்ணோக்கிக்காக மெல்லியதாகச் சீவிய பாறைத் துண்டில்) பச்சை விளிம்பு தெரிந்தது, அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

மணல்மேடு:
எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்புதான். எண்ணும்போது துளையைப் பார்த்த முகங்களை மட்டும் எண்ணுங்கள். மணியும் மணியும் முட்டும் இடத்தில் பூச்சு இல்லாதது கணக்கில் வராது. அந்த 4% சாதா நுண்ணோக்கியில் எண்ணியது என்றால் அதையும் முழுசாக நம்ப வேண்டாம். புது குவார்ட்ஸ் பழைய மணியின் படிக அமைப்பிலேயே ஒட்டி வளர்வதால், நடுவில் தூசிக்கோடு இல்லாவிட்டால் எது மணி எது சிமென்ட் என்று தெரியாது. கேதோடோலூமினசென்ஸ் கருவியில் (எலக்ட்ரான் கற்றை பாய்ச்சிக் கனிமத்தை ஒளிர வைப்பது) இரண்டும் வேறு நிறமாக ஒளிரும்.

கல்லுளி:
ராத்திரி உட்கார்ந்து 300 மணி எண்ணினேன். பூச்சு 73%. மாறிலி பழையதுதான், விடை 4.5%! அந்தக் கருவி எனக்கு வியாழக்கிழமைதான் கிடைக்கும். அந்த 4% மாறினால் மறுபடி புலம்ப வருகிறேன்.