ட்ரீட்டி ஷாப்பிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

(நாடுகளுக்கிடையிலான ஒரு முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் பலனைப் பெற, நிறுவனம் தன் முதலீட்டை அந்த உடன்படிக்கை உள்ள வேறொரு நாட்டு நிறுவனத்தின் கீழ் கொண்டுவருவதே ட்ரீட்டி ஷாப்பிங்.)

> 'உடன்படிக்கை வேட்டை' என்றே வைத்துக்கொள்ளலாம். அந்நிய நேரடி முதலீட்டை உடன்படிக்கைகள் ஈர்க்கின்றனவா என்ற கட்டுரைக்கு அது போதும்.

போதாது ஐயா. 'வேட்டை' என்றதுமே குற்றம் சாட்டியாகிவிடுகிறது. முதலீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் நடுவர் மன்றங்கள் பார்ப்பது இந்த மாற்றத்தை எப்போது செய்தார்கள் என்பதைத்தான். அமெரிக்க எண்ணெய் நிறுவனமான மோபில் தன் வெனிசுவேலா முதலீட்டை ஒரு நெதர்லாந்து நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. அதன்பின் எழுந்த தகராறுகளுக்கு நெதர்லாந்து உடன்படிக்கை செல்லும், முன்பே இருந்தவற்றுக்குச் செல்லாது என்றது 2010 தீர்ப்பு. சிகரெட் பெட்டியில் வணிகச் சின்னங்களுக்குத் தடை வரும் என்று ஆஸ்திரேலியா 2010 ஏப்ரலில் அறிவித்தது. சிகரெட் நிறுவனமான பிலிப் மோரிஸ் 2011 பிப்ரவரியில் தன் ஆஸ்திரேலியக் கிளையை ஹாங்காங் நிறுவனத்தின் கைக்கு மாற்றி, ஹாங்காங்–ஆஸ்திரேலியா உடன்படிக்கையின் கீழ் வழக்காடியது. உரிமைத் துஷ்பிரயோகம் என்று 2015 டிசம்பரில் வழக்கு தள்ளுபடியானது. செயல் ஒன்றே, காலம்தான் வேறு. ஆகவே 'உடன்படிக்கைத் தெரிவு' என்பதே அடிப்படைச் சொல்லாக இருக்கட்டும்; தேவைப்படும் இடத்தில் 'முறைகேடான' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

'ஒப்பந்தத் தெரிவு' வேண்டாம். ஆஸ்திரேலிய நிறுவனமான ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் 1989இல் இந்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவுடன் செய்தது ஒப்பந்தம். இந்தியா மீறியதாக 2011இல் தீர்ப்பான 1999ஆம் ஆண்டின் ஆவணம் ஆஸ்திரேலியாவுடனான உடன்படிக்கை. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அந்த வழக்கையே தமிழில் எழுத முடியாது.

கட்டுரையின் மையக் கேள்விக்கும் இந்தச் சொல் அவசியம். நம் அரசின் புள்ளிவிவரம் பணம் கடைசியாக எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை மட்டுமே குறிக்கிறது. மொரீஷியஸுடன் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை கையெழுத்தானது 1998இல். ஆனால் இந்தியாவுக்கு முதலீடு வரும் பெருவழியாக மொரீஷியஸை ஆக்கியது 1983இன் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை. மூலதன ஆதாய வரிச் சலுகை 2016 திருத்தம் வரை இருந்தது. உடன்படிக்கை உண்டென்றால் 1, இல்லையென்றால் 0 என்று போட்டுக் கணக்கிட்டால் வரிச் சலுகையின் பலன் பாதுகாப்பு உடன்படிக்கையின் கணக்கில் ஏறிவிடும். இறுதி உரிமையாளரின் நாட்டைக் கொண்டு தரவைத் திருத்த வேண்டும். வரி உடன்படிக்கையைத் தனி மாறியாகச் சேர்க்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: முதலீடு பெருகிய பிறகே பல நாடுகள் கையெழுத்திடுகின்றன. அதனால் ஒவ்வொரு நாட்டு இணைக்கும் கையெழுத்துக்கு முன், பின் ஆண்டுகளை ஒப்பிடாமல் முடிவு சொல்லக்கூடாது. பலன் பெரிதாக இல்லை என்று 2003இல் ஓர் உலக வங்கி ஆய்வும், உண்டு என்று 2005இல் வேறோர் ஆய்வும் சொன்னதற்கு இத்தகைய கணக்கீட்டு வேறுபாடுகளும் காரணம். பிரேசிலை மட்டும் காட்டி வாதாடுவதும் சரியல்ல. 1990களில் கையெழுத்திட்ட 14 முதலீட்டு உடன்படிக்கைகளில் ஒன்றைக்கூட அது உறுதிசெய்யவில்லை, ஆனாலும் முதலீடு குவிந்தது. ஆனால் அத்தனை பெரிய உள்நாட்டுச் சந்தை எத்தனை நாடுகளுக்கு உண்டு?

> உடன்படிக்கைத் தெரிவு

வணக்கம். 'வேட்டை' கூடாது என்பதில் உடன்படுகிறேன். ஆனால் 'தெரிவு' என்றால் அரசு எந்த நாட்டுடன் கையெழுத்திடுவது என்று தேர்வதாகவும் படிக்கலாம். இங்கே தேர்வது நிறுவனம், தேர்வது தன் நாட்டுரிமையை. 'நாட்டுரிமைத் தெரிவு' என்றால் குழப்பமில்லை. மொரீஷியஸ், நெதர்லாந்து போன்றவற்றுக்கு 'வரிப் புகலிடம்' வேண்டாம். வரி மட்டுமே காரணம் என்றாகிவிடும். 'இடைவழி நாடு' என்போம்.

பதிவுக்கு என் வரையறை: நாட்டுரிமைத் தெரிவு – ஒரு முதலீட்டு உடன்படிக்கையின் பாதுகாப்பைப் பெறுவதற்காக, முதலீட்டின் உரிமையை இடைவழி நாட்டு நிறுவனம் ஒன்றின் வழியாக அமைத்தல். புதுப் பணம் வந்திருக்க வேண்டியதில்லை.