வேலைக்காக வண்டி ஓட்டும்போது தூக்கம் கண்ணைக் கட்டுகிறது, என்ன செய்யலாம்?

சாலைவாசி கேட்டது:

வணக்கம். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பணியில் இருக்கிறேன். வாடிக்கையாளர்களின் இடங்களுக்கு நானே காரை ஓட்டிச் செல்ல வேண்டியிருப்பதால், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாவது சாலையில் கழிகிறது. சென்ற வாரம் மதிய உணவை முடித்துக் கிளம்பி அரை மணி நேரம் இருக்கும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தது நினைவிருக்கிறது. அதற்கு அடுத்து நினைவில் இருப்பது, ஓரத்துச் சக்கரங்கள் சாலையை விட்டு இறங்கிச் சரளைக்கல்லில் கரகரத்த சத்தம்தான். பாட்டிலின் மூடி அப்போதும் என் விரல்களுக்கிடையே இருந்தது. வழியில் ஒரு பெரிய பாலம் உண்டு. அதைக் கடந்து வந்திருக்கிறேன், ஆனால் கடந்தது சற்றும் நினைவில்லை.

ஜன்னலைத் திறந்து பார்த்தேன், பாட்டைச் சத்தமாக வைத்தேன், நிறுத்தி முகம் கழுவினேன். எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. இரவில் ஆறு மணி நேரம் படுக்கிறேன். மேலாளரிடம் சொன்னால் வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று எண்ணிவிடுவாரோ என்ற தயக்கமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய ஓட்டுநர்:

தம்பி, பாலம் நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் அஞ்ச வேண்டியது அதற்குத்தான். சரளைக்கல் பிறகு வந்தது. அதைக் கணநேரத் தூக்கம் என்பார்கள். கண் திறந்திருந்தாலும் மூளை சில விநாடிகள் எதையும் பதிவு செய்யாமல் இருந்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நான்கு விநாடி என்றால் ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் ஓட்டுநரே இல்லாத வண்டி.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அதைக் குறைப்பது உறக்கம் மட்டுமே. காபி அதைக் குறைப்பதில்லை. மூளை அதை உணரும் வாயிலைச் சில மணி நேரம் அடைத்து வைக்கிறது, அவ்வளவே. பாட்டும் குளிர்காற்றும் அதுகூடச் செய்வதில்லை. ஆகவே கண் எரிந்து, கொட்டாவி தொடர்ந்து, ஒரே வேகத்தில் போக முடியாமல் தடுமாறத் தொடங்கினால், அடுத்த வண்டி நிறுத்துமிடத்தில் நிறுத்திவிடுங்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்தி உறங்காதீர்கள், அதுவே தனி ஆபத்து.

நான் முப்பது ஆண்டு சரக்கு வண்டி ஓட்டியவன்; எனக்குப் பலனளித்த முறையைச் சொல்கிறேன். ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே இருக்கையைச் சாய்த்து, 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுத்துவிட வேண்டும். காபி வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும் என்பதால், அந்தக் கோழித் தூக்கம் கலையும் நேரமும் காபி ஏறும் நேரமும் ஒன்றாக அமையும். அதற்கு மேல் உறங்கினால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய், எழும்போது தலை கனத்துப் போகும். எழுந்த கையோடு வண்டியைக் கிளப்பவும் கூடாது. நான் இறங்கி வண்டியைச் சுற்றி நடந்து, டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். டயரில் குறை இருக்கிறதோ இல்லையோ, என் கலக்கம் தெளிந்துவிடும். மாலைக்குப் பிறகு மட்டும் இந்த வேலை வேண்டாம். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அது இரவு உறக்கத்தைத் தின்றுவிடும்.

மின்னல்:

எனக்குப் பாட்டும் கைப்பேசிப் பேச்சுமே போதுமானதாக இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளாக ஓட்டுகிறேன், ஒருமுறைகூடக் கண் அசந்ததில்லை.

பழைய ஓட்டுநர்:

மின்னல், இவருக்கும் சரளைக்கல் சத்தம் கேட்கும்வரை அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அரைத்தூக்கம்:

ஆறு மணி நேரம் படுப்பதாகச் சொல்கிறீர்கள். படுக்கும் நேரம் எல்லாம் உறங்கும் நேரம் ஆகிவிடாது. நான் எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் தள்ளாடினேன். காலையில் தலைவலியோடு எழுவேன். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, பிறகு திணறிக்கொண்டு திரும்புவதை என் மனைவி கவனித்துச் சொன்ன பிறகுதான் மருத்துவரிடம் போனேன். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் என்று பரிசோதனையில் தெரிந்தது. இரவில் காற்றழுத்தம் தரும் கருவியைப் பொருத்திக்கொண்டு உறங்கத் தொடங்கிய சில வாரங்களில் பகல் தூக்கம் விலகிவிட்டது.

மருத்துவர் முதலில் கொடுத்தது எப்வர்த் அளவுகோல் என்னும் ஒரு சிறு தாள். முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991 இல் வெளியிட்டது. எட்டுச் சூழல்களில் கண் அயர்வதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று சுழியம் முதல் மூன்று வரை நாமே மதிப்பெண் இட வேண்டும். மதிய உணவுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருப்பதும், நெரிசலில் சில நிமிடம் நின்ற காரில் இருப்பதும் அவற்றுள் அடங்கும். கூட்டுத்தொகை 10 ஐத் தாண்டினால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சளிக்கோ ஒவ்வாமைக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். குளோர்பெனிரமின் கலந்தவை நன்றாகவே தூங்க வைக்கும்.

பணிப் பட்டியல்காரர்:

வண்டிகளை அனுப்பும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் உங்கள் தயக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "எனக்குத் தூக்கம் வருகிறது" என்று வாய்மொழியாகச் சொன்னால் அது குறைகூறலாகக் கேட்கும். நாள், நேரம், இடம், அன்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எவ்வளவு ஓட்டினீர்கள் என்று எழுத்தில் கொடுத்தால் அதைப் பாதுகாப்பு அறிக்கையாகவே பார்த்தாக வேண்டும். கூடவே மாற்றத்தையும் நீங்களே முன்வையுங்கள். உடலின் கடிகாரம் பிற்பகல் 2 முதல் 4 மணி வரையும், பின்னிரவில் 2 முதல் 6 மணி வரையும் இறங்குமுகமாக இருக்கும். நீண்ட தூரத்தைக் காலையில் முடித்து, பிற்பகலில் பழுது பார்க்கும் வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள்.

ஓட்டிய நேரத்தை மட்டும் கணக்கிடுவது எங்கள் தொழிலின் பழைய தவறு. ஐரோப்பிய ஒன்றிய விதி கனரக வண்டி ஓட்டுநருக்கு நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் காரில் போய் வேலை பார்த்துத் திரும்புகிறவரை அது தொடுவதில்லை. 1997 இல் வெளியான டாசன், ரீட் ஆய்வில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. காலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணிக்கு வீடு திரும்பும் வண்டியில் இருந்தால் அவர் அந்த இடத்தில்தான் நிற்கிறார், ஓட்டியது மூன்றே மணி நேரமாக இருந்தாலும்.

சாலைவாசி:

அனைவருக்கும் நன்றி. அந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: காலை 4.30 மணிக்கு எழுந்திருக்கிறேன். எப்வர்த் தாளில் 13 வந்தது. மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துவிட்டேன். மேலாளருக்கும் பாலம் உட்பட எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. இன்று பிற்பகல் அலாரம் வைத்துப் படுத்தும் பார்த்தேன். ஆனால் தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?

பழைய ஓட்டுநர்:

அலாரம் அடித்தபோது திடுக்கிட்டீர்களா? திடுக்கிட்டிருந்தால் தூங்கியிருக்கிறீர்கள்.