முட்டை அளவு வெண்ணெய், சூடான ஓவன்: பழைய புத்தகம் பார்த்து மஃபின் செய்த அனுபவங்கள்

அட்டையும் முதல் சில பக்கங்களும் போன பழைய அமெரிக்கச் சமையல் புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. புரட்டிப் பார்த்ததில் மஃபின் பக்கத்தில் மட்டும் வெண்ணெய்க் கறை திட்டுத்திட்டாக இருந்தது. யாரோ இதைப் பலமுறை செய்திருக்கிறார்கள், அப்படியானால் நல்ல குறிப்பாகத்தான் இருக்கும் என்று துணிந்து இறங்கினேன்.

குறிப்பு மொத்தம் நான்கு வரி. மாவு இரண்டு கப், புளித்த பால் ஒரு கப், முட்டை ஒன்று, சர்க்கரை இரண்டு டேபிள்ஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு, 'முட்டை அளவு வெண்ணெய்'. கலந்து சூடான ஓவனில் வேகவைக்கவும். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எப்படிக் கலப்பது என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வெண்ணெய் சுலபமாக முடிந்தது. இடது கையில் முட்டை, வலது கையில் வெண்ணெய்க் கட்டி. பார்த்துப் பார்த்துச் செதுக்கி, தராசில் வைத்தால் 56 கிராம் காட்டியது. ஏறக்குறைய கால் கப். (ஓட்டோடு கணக்கா, ஓடு இல்லாமலா என்று ஐந்து நிமிடம் யோசித்தது தனிக்கதை.)

பால்தான் படுத்தியெடுத்தது. பாக்கெட் பாலை ஒரு நாள் முழுக்க வெளியே வைத்தேன். புளிக்கவில்லை, கெட்டுப்போய்க் கசந்தது. அந்தக் காலத்துப் பச்சைப் பாலில் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் தாமாகவே இருந்தன, பாஸ்டரைஸ் செய்த பாலில் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும் என்பது கொட்டிய பிறகுதான் உறைத்தது. சரி, பால் பால்தானே என்று நல்ல பாலையே ஊற்றினேன். சோடா பொங்க அமிலம் வேண்டும் என்பதை மறந்ததற்குப் பலன், பன்னிரண்டு மஞ்சள் வில்லைகள்.

மறுமுறை கப் பாலுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, பத்து நிமிடம் திரியவிட்டுச் சேர்த்தேன். நன்றாக எழும்பியது. ஆனால் கடித்தால் நாக்கில் சோப்பு. உச்சி கூம்பாக நீண்டு நின்றது, நடுவில் வெட்டினால் புற்று மாதிரி நீளநீளமாகத் துளைகள். பேக்கிங் செய்பவர்கள் யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா?

*

துளைகளுக்கு நான் சாட்சி. கேக் மாதிரி பீட்டரைப் போட்டு அடித்தீர்களா? நான் அடித்தேன். அடிக்க அடிக்க மாவில் குளூட்டன் என்ற புரதம் இழுபட்டு ரப்பராகிறது. வேகும்போது உள்ளே பிறக்கும் வாயு எங்கும் பரவ முடியாமல் மேல்நோக்கி வழி தோண்டுகிறது. கூம்பும் துளையும் அப்படி வந்தவைதான். இப்போது நான் பால், முட்டை, உருக்கிய வெண்ணெயை மாவின் நடுவில் குழி செய்து ஊற்றி, கரண்டியால் பதினைந்து சுற்றுக்குள் நிறுத்திவிடுவேன். கட்டிகள் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் சிரமம்.

நான் அதிகம் மல்லுக்கட்டியது ஓவனோடு. என்னிடம் இருக்கும் புத்தகத்தில் 'மிதமான ஓவன்', 'சூடான ஓவன்', 'விரைவான ஓவன்' என்றுதான் இருக்கிறது. விறகிலும் நிலக்கரியிலும் எரிந்த அடுப்பில் டிகிரி எங்கே இருந்தது? தட்டில் ஒரு சிட்டிகை மாவோ ஒரு துண்டு வெள்ளைக் காகிதமோ உள்ளே வைத்து, எவ்வளவு நேரத்தில் பழுப்பாகிறது என்று பார்ப்பார்கள். கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்த்தவர்களும் உண்டு. (அதைச் செய்யாதீர்கள்.) மிதமான என்றால் சுமார் 175 முதல் 190 டிகிரி செல்சியஸ், சூடான என்றால் 200 முதல் 230 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வருகிறது.

அப்படியும் எனக்கு வெளுத்தே வந்தது. சந்தேகம் வந்து தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டேன். திருகில் 200, உள்ளே 175. இரண்டு வருடமாக ஓவன் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறது! காகிதத் துண்டு வைத்தவர்கள் என்னைவிட விவரமானவர்கள்.

இன்னொன்று. அமெரிக்கப் புத்தகங்களில் மஃபினுக்குப் பக்கத்தில் 'ஜெம்' என்று ஒன்று வரும். கனமான வார்ப்பிரும்பு அச்சைக் காலியாகச் சுடவைத்து, வெண்ணெய் தடவி, அதில் மாவை விட வேண்டும். விட்டதும் 'சொய்ய்' என்று ஓரம் சுருண்டு பிடித்துக்கொள்ளும். அந்த மொறுமொறு ஓரத்துக்காகவே காகிதக் கப்பைக் கைவிட்டேன்.

*

நீங்களாவது பரவாயில்லை. நான் எடுத்தது பழைய பிரிட்டிஷ் புத்தகம். அச்சில் வெண்ணெய் தடவி, ஓவனையும் சூடாக்கிவிட்டுத்தான் குறிப்பை முழுதாகப் படித்தேன். ஈஸ்ட் போட்டுப் பொங்கவிட்டு, தட்டையாகத் தட்டி, கல்லில் இரண்டு பக்கமும் சுட வேண்டுமாம்! அங்கே மஃபின் என்றால் ரொட்டி வகை. 1747-இல் ஆங்கிலச் சமையல் நூலாசிரியர் ஹானா கிளாஸ் எழுதிய மஃபினும் அந்த ஜாதிதான். கப்பில் ஊற்றி வேகவைக்கும் இனிப்பு மஃபின் அமெரிக்க வழி. ஓவனை அணைத்துவிட்டு, மாவு பொங்கும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.

அப்புறம் பைண்ட். பிரிட்டிஷ் பைண்ட் 568 மில்லி, அமெரிக்க பைண்ட் 473. புத்தகம் எங்கே அச்சானது என்று பார்க்காமல், அமெரிக்கக் குறிப்புக்கு பிரிட்டிஷ் பைண்ட் கணக்கில் பால் ஊற்றினால் மாவு கூழாகிவிடும். எனக்கு ஆனது.

*

என் கதை சின்னது. 'இந்தியன் மீல்' இரண்டு கப் என்று போட்டிருந்தது. ஆகா, அந்தக் காலத்திலேயே நம்மைச் சேர்த்திருக்கிறார்களே என்று பூரித்துக் கோதுமை மாவைப் போட்டேன். அமெரிக்கப் பூர்வகுடிகளை 'இந்தியன்' என்று அழைத்த காலத்தில் சோளமாவுக்கு, அதாவது மக்காச்சோள மாவுக்கு, வைத்த பெயர் அது. வந்தது மஃபின் இல்லை, கல்.

*

சோப்பு வாசனை என்றவருக்கு: ஒரு கப் புளித்த பாலுக்கு அரை டீஸ்பூன் சோடா தாராளம். ஒரு டீஸ்பூன் போட்டால் பால் பாதியைத்தான் அடக்கும், மீதி அப்படியே நாக்குக்கு வரும். சோடா கூடினால் உள்ளே மஞ்சளடிக்கும், புளூபெர்ரி போட்டிருந்தால் அது பச்சையாகக்கூடத் திரும்பும். கட்டி உடையாத சோடாவைச் சலிக்காமல் போட்டால் பழுப்புப் புள்ளியும் விழும்.

அளவுகளையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். மட்டம் தட்டி அளப்பதை வலியுறுத்தி அமெரிக்கச் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர் பாஸ்டனில் புத்தகம் போட்டது 1896-இல். அதற்கு முந்தைய புத்தகத்தில் ஸ்பூன் என்றால் குவித்ததா தட்டியதா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். மாவும் அப்படித்தான். சலித்து அளந்தால் கப்புக்கு 115 கிராம் அளவில் நிற்கும், டப்பாவில் கப்பை முக்கி அள்ளினால் 140-ஐத் தாண்டும்.

இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரையில் இனிக்கவில்லையே என்று வீட்டில் கேட்பார்கள். என் வீட்டில் கேட்டார்கள். அது கேக் அல்ல, காலை உணவுக்கான ரொட்டி. சுடச்சுடப் பிட்டு வெண்ணெயும் ஜாமும் வைத்துக் கொடுத்தேன், பேச்சு நின்றது.

*

முதலில் எழுதியவன்தான். பீட்டரை உள்ளே வைத்துவிட்டேன். சோடாவைப் பாதியாக்கி, கரண்டியால் பதினாலு சுற்று, 210 டிகிரியில் பதினெட்டு நிமிடம். உச்சி வட்டமாக வந்தது, துளை இல்லை, சோப்பும் இல்லை.

அடுத்த ஈடு வேகும் நேரத்தில் புத்தகத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். சோடா வரிக்குப் பக்கத்தில் கறையோடு கறையாக ஒரு பென்சில் கோடு இருந்ததை முதல் நாளே கவனித்திருந்தேன், கீறல் என்று விட்டுவிட்டேன். சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. மேலே ஒன்று, நடுவில் கோடு, கீழே இரண்டு.