மகளுக்குப் பாயன்சி எய்ட் (மிதக்க உதவும் ஜாக்கெட்) வாங்க வேண்டும், உதவுங்கள்

வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறோம். 12 வயது மகள் கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்ப்படகு ஓட்டப் பழகுகிறாள். இரவல் லைஃப் ஜாக்கெட் தொளதொளவென்று இருக்கிறது. போன ஞாயிறு படகு கவிழ்ந்தபோது அது காதுவரை ஏறி, கழுத்தெல்லாம் உராய்ந்து சிவந்துவிட்டது. பார்க்க மனசு கேட்கவில்லை.

நன்றாக நீந்துவாள், காவல் படகும் கூடவே வரும். அதனால் லைஃப் ஜாக்கெட்டுக்குப் பதில் 50 நியூட்டன் மிதப்பு விசை உள்ள பாயன்சி எய்ட் போதும் என்று நினைக்கிறேன். மயங்கிவிட்டால் அது முகத்தை மேலே திருப்பாது என்பதும் தெரியும். பூமுக்கு (பாயின் அடியில் இருக்கும் குறுக்குக் கம்பு) குனியும்போது எதிலும் மாட்டாத, இடுப்புக்கு மேலேயே நிற்கும் குட்டையான மாடல் வேண்டும். ஜிப் பக்கவாட்டிலா, முன்னாலா? தொடைப் பட்டை அவசியமா? எடை 38 கிலோ. வளர்கிற பிள்ளைதான், ஆனாலும் ஒரு சைஸ் பெரிதாக எடுக்க மாட்டேன்.

அப்புறம், மும்பையில் போட்டுப் பார்த்து வாங்கக் கடை இருந்தால் சொல்லுங்கள்.