கூரியர் கடை திறக்கிறேன், ஆள் வரவைக்க யோசனை சொல்லுங்கள்

கடலூர் நண்பர்களுக்கு வணக்கம். தை பிறந்ததும் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கூரியர், பார்சல் கடை திறக்கிறேன். கூடவே, பகலில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்களின் பார்சலை வாங்கி வைத்து, மாலையில் கொடுக்கும் வசதியும் உண்டு. இதை எப்படிப் புரியவைப்பது என்பதுதான் தெரியவில்லை. "பக்கத்து வீட்டு அக்கா வாங்கி வைப்பாங்களே, இதுக்கு எதுக்குக் காசு?" என்று கேட்கிறார்கள்.

வெளிநாட்டுப் பார்சலுக்குப் பேச விஷயம் இருக்கிறது. பண்ருட்டி முந்திரி, பருப்புப்பொடி, முறுக்கு என்று பிள்ளைகளுக்கு அனுப்பும் வீடுகள் இங்கே நிறைய. முறுக்கு எடை குறைவு, இடம் அதிகம். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வரும் கிலோ, நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் பல கம்பெனிகள் அதற்குத்தான் காசு வாங்கும். அதனால் அளவான பெட்டியில் கட்டித் தருகிறோம் என்பதை விளம்பரத்தில் முன்னால் வைக்கலாமா? 'இலவச பேக்கிங்' என்று போட மனமில்லை, அட்டைப்பெட்டி செலவு கையைக் கடிக்கும்.

கூகுள் மேப்பில் கடையைப் போட்டுவிடுவேன். அப்புறம்? பேப்பருக்குள் நோட்டீஸா, ஆட்டோவில் மைக்கா, இன்ஸ்டாகிராமில் சேலை விற்பவர்களை நேரில் பார்ப்பதா? எல்லாவற்றுக்கும் பணம் இல்லை. மஞ்சக்குப்பம், நெல்லிக்குப்பம் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் எது பலித்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.