அக்கொமடேஷன்: ‘இசைவாக்கம்’ வேண்டாம், ‘வழியமைப்பு’ எனலாமா?

வணக்கம்.

கலைச்சொல் வரைவில் வகுப்பறை அக்கொமடேஷனுக்கு, அதாவது விசேட தேவையுள்ள பிள்ளையும் அதே பாடத்தைக் கற்கும்படி வகுப்பில் செய்யும் மாற்றத்துக்கு, ‘இசைவாக்கம்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் இசைவாக்கம் என்றால் கள்ளியின் இலை முள்ளானது. அங்கே உயிர்தான் சூழலுக்கேற்ப மாறுகிறது. இங்கே மாற வேண்டியது வகுப்பு, பிள்ளை அல்ல.

‘சலுகை’ அதைவிட மோசம். சலுகையைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 2ஆம் உறுப்புரை, நியாயமான அக்கொமடேஷனை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. மேலதிக நேரம் கிடைத்த பிள்ளையைக் காட்டி “அவருக்குச் சலுகை” என்று மற்றப் பெற்றோர் முணுமுணுக்கக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லை நாங்களே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

‘வழியமைப்பு’ என்று வைக்கலாம். இங்கே திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில், யன்னலோரம் இருக்கும் பிள்ளையின் செவிப்புலன் கருவிக்குள் ரீச்சரின் குரலைக் காற்றின் இரைச்சல் மூடிவிடும். பிள்ளையைச் சுவரோரமாக முன்வாங்கில் இருத்தி, கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளையின் முகம் பார்த்துப் பேச வேண்டும். பாடம் அதே பாடம்தான். “வழியமைச்சுக் குடுத்தாச்சா?” என்று ஆசிரியர் ஓய்வறையில் கேட்கவும் வாய்க்குள் வருகிறது.

மொடிஃபிகேஷனுக்கு, அதாவது பிள்ளை கற்க வேண்டியதையே மாற்றுவதற்கு, ‘இலக்குமாற்றம்’ எனலாம். இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல் இல்லாததால்தான் பிள்ளைகள் நட்டப்படுகிறார்கள். பத்துப் பின்னக் கணக்குக்குப் பதிலாக அதே வகையில் ஐந்து கொடுத்தால் வழியமைப்பு. பின்னத்தை விட்டுவிட்டு வெறும் கூட்டல் கொடுத்தால் இலக்குமாற்றம். சில பிள்ளைகளுக்கு அதுவும் தேவைதான். ஆனால் வீட்டாருக்குச் சொல்லி, யோசித்துச் செய்ய வேண்டியது. கை நடுக்கத்தால் மெல்ல எழுதும் பிள்ளைக்குக் கூட்டலை மட்டும் கொடுத்து, அதை உதவி என்று நினைத்துக்கொள்வது பெரிய அநியாயம்.

இரண்டுக்கும் இடையிலான கோடு பாடத்துக்குப் பாடம் நகரும். வினாவை வாசித்துக் காட்டுவது சுற்றாடல் பாடத்தில் வழியமைப்பு. தமிழில் வாசிப்புத் திறனையே சோதிக்கும்போது அதே செயல் இலக்குமாற்றம் ஆகிவிடுகிறது. ஆகவே வழியமைப்பின் வரைவிலக்கணத்தில் செயல்களைப் பட்டியலிடாமல், ‘கற்க வேண்டியதை மாற்றாமல், கற்கும் அல்லது கற்றதைக் காட்டும் விதத்தை மாற்றுவது’ என்று எழுதலாம் என்கிறேன். ‘விதம்’ என்பதற்குள் நேரமும் இருக்கையும் அடங்குமா, அல்லது அவற்றைத் தனியே சொல்ல வேண்டுமா? அதில் உங்கள் கருத்து வேண்டும்.